வலி முதலா, பிள்ளை முதலா? எண்டோமெட்ரியோசிஸ் பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு பட்டணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு 28 வயது. செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணியாக வேலை. வயதுக்கு வந்த மறுவருடத்திலிருந்தே மாதவிலக்கு வலி. "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார் அம்மா. கல்யாணமாகி இரண்டரை வருடம் ஆகிறது. வலி கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. இப்போது மாமியார், "ஒரு பிள்ளையப் பெத்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறார். ஆனால் பிள்ளையும் தங்கவில்லை. மாதவிலக்கின் முதல் இரண்டு நாளும் குலை ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கும்போது எழுந்து போக முடியாது. மேசை விளிம்பில் அடிவயிற்றை அழுத்திக்கொண்டே சீட்டு எழுதுகிறார். அந்த நாள்களில் மலம் கழிக்கப் போனால் உயிர் போய் உயிர் வருகிறது. கணவரோடு சேரும்போதும் உள்ளே ஆழத்தில் வலி. சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறார். "என்னைப் பிடிக்கலையா?" என்று கணவர் ஒரு நாள் கேட்டேவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிளினிக்கில் வயிற்றின் மேல் ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லிப் பொன்ஸ்தான் என்ற வலி மாத்திரையைக் கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. போன மாதம் ஒரு தனியார் நிபுணர் பார்த்ததில் இடது சூலகத்தில் 4.2 சென்டிமீட்டர் 'சாக்லெட் கட்டி' இருப்பது தெரிந்தது. சூலகப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் பார்க்கும் சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு 58. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், 15,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகும் என்றார்கள். கூடவே டைனோஜெஸ்ட் என்ற மாத்திரையும் தந்தார்கள். அது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்று வீட்டில் யாரோ சொல்ல, ஐந்தே நாளில் நிறுத்திவிட்டார். ஐஸ் தண்ணீர் குடித்ததாலும், மாதவிலக்கில் தலைக்குக் குளித்ததாலும் வந்த வினை இது என்பது மாமியாரின் தீர்ப்பு. பக்கத்து வீட்டு அக்கா கர்ப்பப்பையை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறாராம்.

அவர் கேட்பவை: இது புற்றுநோயா? உடனே ஆபரேஷன் வேண்டுமா? எனக்குப் பிள்ளை பிறக்குமா? எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்து எடுத்து வேலை போய்விடுமா? கடைசியில் ஒரு வரி: "16 வயதுத் தங்கச்சிக்கும் இதே மாதிரி வலி, பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள்."

அன்புச் சகோதரி,

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எண்டோமெட்ரியோசிஸ் என்றே நினைக்கத் தோன்றுகிறது. மாதவிலக்கு வலி, அந்த நாள்களில் மலம் கழிக்கையில் வலி, உறவின்போது ஆழத்தில் வலி, கரு தங்கத் தாமதம், சூலகத்தில் கட்டி: இவை ஐந்து தனித்தனி நோய்கள் இல்லை, ஒரே நோயின் ஐந்து முகங்கள். நேரில் பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் இனி எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். இத்தனை வருடமும் ஒருவரிடம் வயிற்று வலியையும், இன்னொருவரிடம் பிள்ளையில்லாக் குறையையும் மட்டும் சொல்லி வந்ததால்தான் யாருக்கும் முழுப் படம் கிடைக்கவில்லை.

கருப்பையின் உள்சுவரில் இருப்பதைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சூலகத்திலும், இடுப்புக்குழியின் உறையிலும், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பள்ளத்திலும் ஒட்டி வளர்வதுதான் இந்த நோய். மாதாமாதம் ஹார்மோன் ஏறி இறங்கும்போது இந்தத் திசுவும் வீங்கிக் கசிகிறது. கசிவு வெளியேற வழியில்லாததால் அந்த இடம் புண்ணாகித் தழும்பேறி, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறது. மலக்குடலுக்கு அருகே ஒட்டியிருந்தால் கழிப்பறையில் உயிர் போகும். கருப்பையைப் பின்னால் தாங்கும் நார்களில் இருந்தால் உறவின்போது வலிக்கும். சூலகத்துக்குள் தேங்கிய பழைய ரத்தம் கெட்டியான பழுப்பு நிறமாகிவிடுவதால்தான் அதற்குச் சாக்லெட் கட்டி என்று பெயர்.

இது ஏன் வருகிறது? மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போவதுதான் காரணம் என்று ஜான் சாம்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் சொன்னார். ஆனால் அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது; நோய் வருவதோ சிலருக்குத்தான். பரம்பரை, நோய் எதிர்ப்புச் சக்தி, ஹார்மோன் என்று பல சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஐஸ் தண்ணீருக்கும் தலைக்குளியலுக்கும் அன்னாசிப் பழத்துக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை. நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு, உலகம் முழுக்க ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் தோட்டத்து லயத்திலேயே வாய் திறக்காமல் இதைச் சுமக்கும் பெண்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எவ்வளவு சொல்லும்?

இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் அப்போது நோயே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இடுப்புக்குழி உறையில் மேலோட்டமாகப் படிந்திருக்கும் நோய் எந்த ஸ்கேனிலும் சரியாகத் தெரியாது. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இன்னும் குறைவாகவே தெரியும். திருமணமான பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன்தான் சரி. எடுப்பவர் இந்த நோயைத் தேடிப் பார்ப்பவராக இருந்தால் சூலகத்தோடு நிறுத்தமாட்டார். கருப்பையும் மலக்குடலும் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றனவா, ஒட்டிக் கிடக்கின்றனவா என்று பார்ப்பார். சிறுநீரகங்களையும் ஒருமுறை பார்ப்பார். நோய் சிறுநீர்க் குழாயை நெருக்கினால் வலியே இல்லாமல் சிறுநீரகம் பழுதாகலாம் என்பதுதான் காரணம். அபூர்வம்தான், ஆனாலும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மலக்குடல் அறிகுறி இருப்பதால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தேவைப்படலாம்.

இன்னொன்று. ஒரே ஒரு ஸ்கேனை வைத்துச் சாக்லெட் கட்டி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கருமுட்டை வெளியான இடத்தில் ரத்தம் கசிந்து உண்டாகும் சாதாரணக் கட்டியும் பார்க்க இப்படியே இருக்கும். அது இரண்டு மூன்று மாதவிலக்கில் தானாகக் கரைந்துவிடும். அதனால் 6 முதல் 12 வாரம் கழித்து, மாதவிலக்கு முடிந்த கையோடு, மறுபடி ஒரு ஸ்கேன் எடுங்கள். அப்போதும் அதே அளவில், அதே தோற்றத்தில் இருந்தால்தான் அது சாக்லெட் கட்டி.

சி.ஏ.125 எண்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. வழக்கமான மேல் வரம்பு 35, உங்களுக்கு 58. எண்டோமெட்ரியோசிஸ், கருப்பைச் சதைக்கட்டி, இடுப்புக்குழித் தொற்று, ஏன், ரத்தம் எடுத்த நாளில் மாதவிலக்கு இருந்திருந்தால் அதுகூட இந்த அளவை ஏற்றும். எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்றே ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் புற்றுநோய் அல்ல. இந்த நோய் உள்ளவர்களுக்குச் சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றே கூடுதல். அந்தக் கூடுதலைச் சேர்த்தாலும் வாய்ப்பு குறைவுதான். கட்டிக்குள் திடமான சதை வளர்ச்சியோ, அதற்குள் ரத்த ஓட்டமோ தெரிந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். உங்கள் ஸ்கேன் அறிக்கையில் அப்படி ஏதும் எழுதியிருக்கிறதா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

முதலில் எடுக்க வேண்டிய முடிவு

ஆபரேஷன் வேண்டுமா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இப்போது உங்களுக்கு எது அவசரம்: வலி அடங்குவதா, பிள்ளையா? இரண்டும்தான் என்பீர்கள். ஆனால் இந்த நோயில் இரண்டுக்கும் மருத்துவம் எதிர்த் திசையில் போகிறது. வலியை அடக்கும் ஹார்மோன் மருந்துகள் எல்லாம் கருமுட்டை வெளியாவதை நிறுத்தியோ, கருப்பைச் சுவரை மெலிய வைத்தோதான் வேலை செய்கின்றன. அவற்றை எடுக்கும்போது பெரும்பாலும் கரு தங்காது. எடுத்து முடித்ததால் பிறகு கரு தங்கும் வாய்ப்பு கூடுவதும் இல்லை. இதை யாரும் உங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அதனால்தான் பிள்ளை வேண்டும் என்று காத்திருப்பவர் கையில் டைனோஜெஸ்ட் வந்து சேர்ந்திருக்கிறது, நீங்களும் பயந்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

டைனோஜெஸ்ட் கெட்ட மருந்து இல்லை. தினமும் 2 மில்லிகிராம், ஒரே நேரத்தில், இடைவெளி விடாமல் எடுத்தால் பலருக்கு வலி நன்றாகக் குறைகிறது. முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாக ரத்தம் படும். பயந்து நிறுத்தத் தேவையில்லை. தலைவலியோ மனச்சோர்வோ கூடினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிறுத்தினால் ஒன்றிரண்டு மாதத்தில் கருமுட்டை மறுபடி வெளியாகத் தொடங்கிவிடும். கர்ப்பப்பை கெட்டுப்போகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஒரு வருடம் பிள்ளையைத் தள்ளிப்போட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்தால் இதுவோ, இடைவெளி விடாமல் எடுக்கும் சாதாரணக் கருத்தடை மாத்திரையோ, ஹார்மோன் கொண்ட கருப்பைச் சாதனமோ உதவும். கண்ணில் மின்னல் தெரியும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், காலில் ரத்தம் உறைந்த வரலாறு போன்றவை இருந்தால் கருத்தடை மாத்திரை வேண்டாம். மற்ற இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்.

பிள்ளைதான் முதல் என்றால் வழி வேறு. நீங்கள் எழுதியதில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. உறவே வலியாக இருப்பதால் தள்ளிப்போடுகிறேன் என்கிறீர்கள். அப்படியானால் இந்த இரண்டரை வருடத்தில், கரு தங்கக்கூடிய நாள்களில் எத்தனை மாதம் உண்மையிலேயே சேர்ந்திருப்பீர்கள்? 28 நாள் சுழற்சி உள்ளவருக்குச் சுமார் 10ஆம் நாளிலிருந்து 16ஆம் நாள் வரை அந்தக் காலம். அந்த நாள்கள் பல மாதம் வெறுமனே போயிருந்தால், "இரண்டரை வருடமாகப் பிள்ளையில்லை" என்பது உங்கள் உடம்பின் மேல் எழுதிய தீர்ப்பு ஆகாது. இந்த நோய் உள்ள பெண்களில் பலர் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டிய பரிசோதனைகள் மூன்று. முதலாவது உங்கள் கணவருக்கு: விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும்; வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நம் வீடுகளில் மருமகளை எல்லாப் பரிசோதனைக்கும் அனுப்பிவிட்டு மகனைக் கடைசியில்தான் அனுப்புகிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் எளிது, வலியில்லாதது, முதலில் முடித்துவிடுங்கள். இரண்டாவது உங்களுக்கு ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனை. சூலகத்தில் கருமுட்டைக் கையிருப்பு எவ்வளவு என்று அது காட்டும். மூன்றாவது, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. மாதவிலக்கு நின்ற பிறகு, கருமுட்டை வெளியாகும் முன் எடுப்பார்கள்.

மூன்றும் நன்றாக இருந்தால் சுமார் ஆறு மாதம் இயல்பாக முயலலாம். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்குங்கள். குழாய் அடைபட்டிருந்தாலோ, கையிருப்பு குறைந்திருந்தாலோ, விந்தில் குறை இருந்தாலோ காத்திருக்காமல் சோதனைக்குழாய் முறை பற்றிப் பேச வேண்டும். அதற்குச் சேமநிதி வாரியத்தின் செஜாத்ரா கணக்கிலிருந்து பணம் எடுக்க இடமுண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிள்ளை பெற்றால் நோய் போய்விடும் என்று மாமியார் சொல்வதில் பாதிதான் சரி. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிலக்கு இல்லாததால் பலருக்கு வலி அடங்கியிருக்கும். பிறகு திரும்பி வரலாம். பிள்ளை வேண்டும் என்பதற்காகப் பெறுங்கள், மருந்தாக நினைத்துப் பெறாதீர்கள்.

ஆபரேஷன் பற்றி

லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், வழியாகக் கட்டியை எடுப்பது நல்ல சிகிச்சைதான், உரிய காரணம் இருக்கும்போது. மருந்துக்கு அடங்காத வலி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, ஸ்கேனில் சந்தேகமான தோற்றம், குடலோ சிறுநீர்க் குழாயோ பாதிக்கப்பட்டிருப்பது ஆகியவை அந்தக் காரணங்கள். 4.2 சென்டிமீட்டர் கட்டி இருக்கிறது என்பது மட்டும் அடுத்த மாதமே கத்தி வைக்கும் அவசரம் இல்லை. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஸ்கேன் படங்களையும் அறிக்கையையும் கேட்டு வாங்கிக் கொண்டு போங்கள்.

ஏன் நிதானிக்கச் சொல்கிறேன் என்றால், சாக்லெட் கட்டிக்கும் நல்ல சூலகத் திசுவுக்கும் நடுவே சுத்தமான எல்லை கிடையாது. பலாச்சுளையில் ஒட்டிய நாரைப் பிய்க்கும்போது கொஞ்சம் சுளையும் சேர்ந்து வருவது போல, கட்டியின் சுவரை உரிக்கும்போது கருமுட்டைகளும் சேர்ந்து போகும். எத்தனை கைதேர்ந்த மருத்துவர் செய்தாலும் கொஞ்சம் இழப்பு இருக்கும். அதனால்தான் ஏ.எம்.எச். பரிசோதனையை ஆபரேஷனுக்கு முன்பே செய்யச் சொல்கிறேன். செய்த பிறகு பார்த்துப் பயனில்லை. சோதனைக்குழாய் முறைக்குப் போவதாக இருந்தால், அதற்காகவென்று கட்டியை முதலில் எடுப்பது பிள்ளை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுவதாகத் தெரியவில்லை.

ஆபரேஷன்தான் என்று முடிவானால் கையெழுத்துப் போடுமுன் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள். கட்டியை உறிஞ்சி விடுவீர்களா, சுவரோடு எடுப்பீர்களா? உறிஞ்சி மட்டும் விட்டால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். ரத்தத்தை நிறுத்தச் சூடு வைப்பீர்களா, தையல் போடுவீர்களா? தையலில் சூலகத்துக்குச் சேதம் குறைவு. மலக்குடல் பக்கம் நோய் இருந்தால் அதே நேரத்தில் எடுக்கக்கூடிய குழு இருக்கிறதா? கருக்குழாயில் சாயம் விட்டுப் பார்ப்பீர்களா? பிறகு உடனே பிள்ளைக்கு முயலப் போவதில்லை என்றால் எந்த ஹார்மோன் மருந்தைத் தருவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மருந்து இல்லாமல் விட்டால் சில வருடத்தில் கட்டி மறுபடி தலைகாட்டுவது சகஜம். முதல் ஆபரேஷனைவிட இரண்டாவது சூலகத்தை அதிகமாகக் கெடுக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன நோய் என்று நமக்குத் தெரியாது. கர்ப்பப்பையை எடுத்தாலும் அதற்கு வெளியே ஒட்டியிருக்கும் நோய் அங்கேயேதான் இருக்கும். 28 வயதில், பிள்ளை வேண்டும் என்று இருக்கும் உங்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

இந்த மாத வலிக்கு

பொன்ஸ்தான் கேட்கவில்லை என்கிறீர்கள். எப்போது எடுக்கிறீர்கள் என்று பார்த்தால், வலி தாங்க முடியாமல் போன பிறகு ஒரே ஒரு மாத்திரை. வலியை உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின் உடம்பில் சுரப்பதைத்தான் இந்த மருந்து தடுக்கும்; ஏற்கனவே சுரந்ததன் மேல் அது அவ்வளவாக வேலை செய்யாது. ஆகவே மாதவிலக்கு வருவதற்கு முந்தின நாளோ, முதல் அறிகுறி தெரிந்ததுமோ தொடங்கி, 500 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு, இரண்டு மூன்று நாள் எடுங்கள். 250 மில்லிகிராம் மாத்திரை என்றால் வேளைக்கு இரண்டு. பத்தாவிட்டால் பெனடால் (பாராசிட்டமால்) 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல் சேர்த்துக்கொள்ளலாம். குடல் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் பொன்ஸ்தான் கூடாது. டெங்கி பரவும் காலத்தில் காய்ச்சலோடு வலி வந்தாலும் பொன்ஸ்தானைத் தொடவே வேண்டாம், ரத்தப் போக்கு ஏற்படலாம். பிள்ளைக்கு முயலும் மாதங்களில் அதை மாதவிலக்கு நாள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; நாள் தள்ளிப் போனால் எடுக்காதீர்கள்.

அடிவயிற்றில் சுடுநீர்ப் பை நல்லது. வயிற்றை அழுத்தித் தேய்க்கும் ஊருட் என்ற மலாய் உருவல் வேண்டாம், உள்ளே கட்டி இருக்கிறது. சந்தையில் வாங்கும் ஜாமு என்ற மூலிகை மருந்திலும் எச்சரிக்கை: பதிவு எண் இல்லாத சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகளே கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். ரத்தப் போக்கு அதிகம் என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். இரும்புச் சத்து மாத்திரை எடுத்தால் தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

திடீரென்று தாங்க முடியாத வலியோடு வாந்தி, மயக்கம், அல்லது வலியோடு காய்ச்சல் வந்தால், நாள் தள்ளியிருக்கும்போது ஒரு பக்கமாக வலித்தால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்துகொண்டே இருந்தால், காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கட்டி வெடிப்பது, சூலகம் முறுக்கிக்கொள்வது, குழாயில் கரு தங்குவது எல்லாம் இப்படித்தான் தெரியவரும்.

கணவரிடம்

உங்கள் கணவருக்கு நோய் தெரியாது. நீங்கள் விலகுவது மட்டும்தான் தெரிகிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் உள்ளே அழைத்துப் போங்கள். "உறவின்போது எங்கே, ஏன் வலிக்கிறது என்று இவருக்குச் சொல்லுங்கள் டாக்டர்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கருப்பைக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் இடிபடும்போதுதான் இந்த வலி. ஆகவே ஆழத்தையும் வேகத்தையும் நீங்கள் கட்டுப்படுத்தும் நிலை, அதாவது நீங்கள் மேலே இருப்பது, பலருக்கு உதவுகிறது. மாதவிலக்குக்கு முந்தின வாரத்தைவிட, முடிந்த பிறகு வரும் வாரத்தில் வலி குறைவாக இருக்கும். கரு தங்கும் நாள்களும் அதை ஒட்டியே வருவது உங்களுக்குச் சாதகம். வருடக்கணக்கில் வலித்ததால் இடுப்புத்தளத் தசைகள் பயத்தில் தானாகவே இறுகும். பெரிய மருத்துவமனைகளின் இயன்மருத்துவப் பிரிவில் அதற்குப் பயிற்சி உண்டு.

எங்கே போவது, வேலையில் என்ன கேட்பது

15,000 வெள்ளி இல்லாவிட்டால் வழியில்லை என்று நினைக்க வேண்டாம். பக்கத்திலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து மகப்பேறு, பெண்கள் நல நிபுணருக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்குங்கள். நிபுணர் கிளினிக்கில் வழக்கமான கட்டணம் ஐந்து வெள்ளி. தனியார் மருத்துவரின் கடிதத்தோடு போனால் முதல் முறை கூடுதலாகும். உங்கள் மாநிலத்தில் ஈப்போவிலுள்ள ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைதான் பெரியது. முறை வரக் காத்திருக்க நேரிடும். அதனால் கடிதத்தில் 'மாதவிலக்கு வலி' என்று மட்டும் எழுத விடாதீர்கள். கட்டியின் அளவு, மலக்குடல் அறிகுறி, இரண்டரை வருடமாகக் குழந்தை இல்லை என்பது மூன்றும் அதில் இருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் இரண்டு மாதவிலக்குக்குக் குறிப்பு எழுதுங்கள்: தேதி, வலி பத்துக்கு எவ்வளவு, எத்தனை பேட், என்ன மாத்திரை எத்தனை மணிக்கு, மலம் கழிக்கையில் வலி, வேலைக்குப் போகாத நாள். பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் போதும்.

வேலை விஷயம். மாதவிலக்குக்கென்று தனி விடுப்பு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஆனால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடம் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குக் கீழ் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் தனியாக 60 நாள் வரை. எம்.சி. எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் அனுமதியின்றி வராமல் இருந்ததாகவே கணக்கு. வாட்ஸ்அப்பில் எம்.சி. படத்தை அனுப்பி, அனுப்பியதை அழிக்காமல் வைத்திருங்கள். 2023 முதல், வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நிபுணரின் கடிதத்தை இணைத்து, அந்த இரண்டு நாளும் எடைமேடையில் மாற்று ஆள், அல்லது அலுவலகத்துக்குள் கோப்பு வேலை என்று குறிப்பாகக் கேளுங்கள். "எனக்கு உடம்பு சரியில்லை" என்று பொதுவாகக் கேட்பதைவிட இதற்குப் பதில் சொல்வது அவர்களுக்கும் சுலபம்.

தங்கச்சிக்கு

அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்தால் அந்தப் பெண்ணுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மயங்கி விழும் அளவு வலியும், பள்ளிக்கூடம் போக முடியாததும் எந்த வயதிலும் இயல்பு கிடையாது. கல்யாணமாகாத பிள்ளை, உள்ளே பரிசோதனை செய்வார்களோ என்று அம்மா பயப்படுவார். அதற்கு அவசியமில்லை, விவரம் கேட்டு, வயிற்றின் மேல் ஸ்கேன் எடுத்தே மருத்துவம் தொடங்கலாம். அவளுக்கும் பொன்ஸ்தானை நான் மேலே சொன்ன முறையில் நேரத்தோடு கொடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பலனில்லை என்றால் மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதுவார். அது அவளுக்குக் கருத்தடைக்காகத் தரப்படுவதில்லை, வலிக்கு மருந்து. பின்னாளில் பிள்ளை பிறப்பதையும் அது கெடுக்காது. இதை அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல முடியும். அடுத்த வருடம் அவளுக்கு எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு இருக்கும். மாத்திரையை இடைவெளி விடாமல் எடுத்தால் தேர்வு வாரத்தில் மாதவிலக்கு வராமல் தள்ளிப்போட முடியும். ஆனால் கடைசி நேரத்தில் தொடங்கினால் இடையிடையே ரத்தம் படும். தேர்வுக்கு மூன்று மாதமாவது முன்னால் கிளினிக்குக்கு அழைத்துப் போய்விடுங்கள்.